பத்து எண்ணும் வரை அசையாதே

லெம்பா சிஜுக் தோட்டம்,
கோலா தெர்லா.
27-1-1986

அன்புள்ள பெரியக்காவுக்கு,

தம்பி சிவசாமி எழுதுவது. இங்கே அம்மாவும் நானும், சாரதா அக்கா வீட்டாரும் சுகம். நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே பனி முழங்கால் அளவு கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் இந்த மாதம் குளிர் அதிகம். அம்மா இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு அடுப்பை விட்டு நகர்வதில்லை.

நீங்கள் கொடுத்தனுப்பிய வீடியோ கேமராவை உங்களோடு வேலை செய்யும் நர்ஸ் நீலாவதி பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் என்னிடம் ஒப்படைத்தார். தோளில் வைத்தால் அரிசிச் சிப்பம் மாதிரி கனக்கிறது. கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாப் பொத்தான்களையும் பழகிவிட்டேன். தொழிற்சாலையில் தேயிலை உருட்டும் மெஷினைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு இது பெரிய காரியம் இல்லை என்று நினைத்தேன்.

பொங்கலன்று கோயிலில் எடுத்தேன். மறுநாள் விடியற்காலை பெரட்டில், பெண்கள் கொழுந்து பறிக்கப் போவதற்குப் பேர் கொடுத்து லோரி ஏறும் இடத்தில் எடுத்தேன். பொங்கலன்றே அம்மாவை வீட்டு வாசலில் நிற்க வைத்து எடுத்தபோது அம்மா விறைத்து நின்று, "எடுத்துட்டியா? மூச்சு முட்டுதுடா," என்றது. இது போட்டோ இல்லை, மூச்சு விடலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அந்தக் கேசட்டை இன்று பார்சலில் போட்டிருக்கிறேன். போட்டுப் பார்க்க இங்கே வீடியோ மெஷின், தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டில்தான் இருக்கிறது. அவரிடம் போய்க் கேட்க மனம் வரவில்லை. ஆகையால் நானே அதைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்து எழுதுங்கள்.

எல்லாருக்கும் என் அன்பு.
தம்பி சிவசாமி

*

பிராட்ஃபோர்ட்,
இங்கிலாந்து.
9-3-1986

அன்புத் தம்பி சிவசாமிக்கு,

கேசட் பத்திரமாக வந்தது. நாங்கள் நால்வரும் நலம். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை.

உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். படம் பார்க்கும்போது எனக்குத் தலை சுற்றியது. நீ ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. கோபுரத்தைக் காட்டுகிறாய், உடனே பொங்கல் பானை, உடனே யாருடைய செருப்போ. கிட்டே இழுக்கும் பொத்தானை அமுக்கி அமுக்கி எல்லார் முகமும் ஓடி வருவதும் ஓடிப் போவதுமாக இருக்கிறது. பெரட்டுக் காட்சியில் பச்சை லோரி ஒன்று ஆள் இல்லாமல் தானே பின்னால் நகர்கிறது. ஒரு அம்மா குனிந்து டயருக்குக் கல் வைக்கிறார். அது யார் என்று நான் பார்ப்பதற்குள் நீ வானத்துக்குப் போய்விட்டாய். அப்புறம் இரண்டு நிமிடம் வானம்தான்.

எங்கள் வார்டில் ஒருவர் லீவு நாட்களில் கல்யாணங்களைப் படம் எடுக்கிறவர். அவரிடம் கேட்டேன். ஒரு இடத்தைப் பிடித்தால் மனதுக்குள் பத்து எண்ணும் வரை அசையக் கூடாதாம். கிட்டே வேண்டுமென்றால் பொத்தானைத் தொடாமல் நாமே நடந்து கிட்டே போக வேண்டுமாம். யாரையும் நிற்கச் சொல்லாதே. அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடு.

மற்றபடி மகிழ்ச்சிதான். பிள்ளைகளை உட்கார வைத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டுப் பார்க்கிறோம். அம்மாவிடம் சொல்.

அன்புடன்
அக்கா அம்சவல்லி

*

லெம்பா சிஜுக் தோட்டம்
20-4-1986

அன்புள்ள பெரியக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் பார்ப்பதைச் சொன்னேன். அம்மா நம் லயத்து வரிசையில் பத்து வீட்டுக்காவது போய்ச் சொல்லியிருக்கும்.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. அப்புறம் தானா ராத்தாவில் விஜயன் என்பவர் வைத்திருக்கும் டிவி கடைக்குப் போய், வீட்டில் சும்மா எடுத்துப் பார்த்த வேறொரு கேசட்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன். விஜயன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "அண்ணே, படகுல இருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டார். நீங்கள் சொன்னது சரி. அந்த முதல் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கேமராவும் லேசுப்பட்டது அல்ல. காலைப் பனியில் எடுத்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தால் அதற்கு வியர்த்துவிடுகிறது. உள்ளே ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு எதை அமுக்கினாலும் அசையாது. கியா பார்மில் முட்டைக்கோஸ் கட்டும் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். வெளியிலேயே கேமராவை அதில் போட்டு வாயைக் கட்டி, பிறகு வீட்டுக்குள் கொண்டுபோய் அரை மணி கழித்துத் திறந்தால் வியர்ப்பதில்லை. பேட்டரிக்குத் தொழிற்சாலையில்தான் கரண்டு ஏற்றுகிறேன். லயத்தில் சாயங்காலம் மட்டும்தான் கரண்டு. ஒரு மணி நேரம் ஓடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. இந்தக் குளிரில் அரை மணிகூட ஓடுவதில்லை.

இப்போது பத்து எண்ணிப் பழகுகிறேன். முதலில் கை நடுங்கியது. மூச்சை விட்டுவிட்டு எண்ணினால் நடுங்குவதில்லை. இத்துடன் இரண்டாவது கேசட் வருகிறது.

சாரதா அக்காவும் தங்கையா மச்சானும் விசாரிக்கச் சொன்னார்கள். மச்சான் இப்போதும் பச்சை லோரிதான் ஓட்டுகிறார்.

தம்பி சிவசாமி

*

பிராட்ஃபோர்ட்
15-6-1986

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் குறைவில்லாதிருக்கட்டும்.

இரண்டாவது கேசட்டைப் பார்த்தோம். அம்மா தேநீரைச் சாசரில் ஊற்றி, ஊதி, குடித்து, சாசரைக் கழுவி வைக்கும் வரை அப்படியே எடுத்திருக்கிறாய். மூன்று நிமிடம் இருக்கும். பின்னால் மழைச் சத்தம் மட்டும். பிள்ளைகள் கடைசி வரை எழுந்திருக்கவில்லை. பெரியவள், "பாட்டிக்கு நாம பாக்குறது தெரியுமா?" என்று கேட்டாள். உன் மச்சான் அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். திரும்பி வந்ததும் மறுபடி ஒருமுறை போடச் சொன்னார்.

முதல் கேசட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படியே எடு.

அக்கா அம்சவல்லி

*

லெம்பா சிஜுக் தோட்டம்
3-8-1986

அன்புள்ள பெரியக்காவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். மற்றதை நடந்தபடி எழுதுகிறேன்.

போன மாதம் பதினேழாம் தேதி காலை, மழை விட்டிருந்த நேரம், தங்கையா மச்சான் பச்சை லோரியில் இருபத்திரண்டு பெண்களைப் பத்தொன்பதாம் நம்பர் மலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். மேட்டில் நிறுத்தி, கல் வைத்துவிட்டு, பின்பலகையைத் திறக்க வந்தார். ஏழெட்டுப் பேர் இறங்கியிருந்தார்கள். லோரி பின்னால் உருண்டு பள்ளத்தில் விழுந்துவிட்டது. ஐந்து பேருக்குக் கை கால் முறிவு. அம்மாக்கண்ணு அத்தை லோரிக்கு அடியில் சிக்கி அந்த இடத்திலேயே போய்விட்டார். நம் லயத்தில் கடைசி வீடு. உங்களுக்கு நன்றாகத் தெரியும். மகள் செல்லம்மாவும் அதே லோரியில்தான் இருந்தாள். அவள் முன்பே இறங்கிவிட்டாள்.

மச்சானைப் போலீஸ் பிடித்து, ஜாமீனில் விட்டிருக்கிறது. கவனக்குறைவால் உயிர்ச்சேதம் என்று கேஸ். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் இறங்கினார் என்கிறார்கள். லோரி நசுங்கிவிட்டதால் பிரேக் முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது என்று சோதித்தவர் எழுதிவிட்டார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது, டிரைவர் ஒருநாளும் புகார் சொன்னதில்லை என்று கிராணி வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். மச்சான் எத்தனையோ முறை சொன்னது எல்லாருக்கும் தெரியும். ஆனால் லயத்தில் குடியிருந்துகொண்டு தோட்டத்துத் துரைக்கு எதிராக யார் கோர்ட்டுக்கு வருவார்கள்?

மச்சான் பேசுவது குறைந்துவிட்டது. "கல்லு வச்சேன் சிவா. ரெண்டு கல்லு வச்சேன். மண்ணுதான் நவுந்துருச்சி," என்று நாளுக்கு ஒருமுறை சொல்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் இடது கை எதையோ பிடித்து இழுப்பது போல் மடங்குகிறது. சாரதா அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி சோறு போடுகிறது.

யூனியன் வக்கீல் ஒருவர் ஈப்போவிலிருந்து வந்தார். மார்ச்சில் நீங்கள் எழுதிய நீலக் கடிதத்தைக் காட்டினேன். பச்சை லோரி தானே நகர்ந்தது என்று அதில் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "கடுதாசி நல்லதுதான். ஆனா எந்தத் தோட்டத்து லோரி, எதுக்குக் கல்லுன்னு இதுல இல்ல. அந்தக் கேசட்டுல நம்பர் தெரியும்லா. கேசட்ட கொண்டாங்க," என்றார்.

கல் வைத்த அந்தப் பெண் அம்மாக்கண்ணு அத்தைதான். எனக்கு நினைவிருக்கிறது. செல்லம்மாவுக்கும் சொன்னேன். அவளிடம் அடையாள அட்டைப் போட்டோவைத் தவிர அம்மாவின் படம் ஒன்றும் இல்லை. "ஒருதடவ போட்டுக் காட்டுண்ணே," என்று கேட்டாள்.

கேசட்டை உடனே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சிவசாமி

*

லெம்பா சிஜுக் தோட்டம்
31-8-1986

அன்புள்ள பெரியக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? என் மூன்றாம் தேதிக் கடிதம் கிடைத்திருக்கும். கேசட்டை அனுப்பிவிட்டீர்களா என்று ஒரு வரி எழுதினால் போதும். வக்கீல் இரண்டு முறை போன் செய்துவிட்டார். போன் கிராணி ஆபீசில் இருக்கிறது. கிராணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

செல்லம்மாவும் கேட்கிறாள்.

சிவசாமி

*

லெம்பா சிஜுக் தோட்டம்
28-9-1986

அன்புள்ள பெரியக்காவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். தபாலில் எங்கோ சிக்கியிருக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கேசட் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். தோட்டத்தில் இன்னும் நீல லோரி ஓடுகிறது. பச்சை லோரியோடு சேர்த்து ஒன்றாக வாங்கியது. அதற்கும் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. விபத்துக்குப் பிறகும் மாற்றவில்லை. முன்பு போலவே பெரட்டில் டயருக்குக் கல் வைத்துத்தான் பெண்களை ஏற்றுகிறார்கள்.

தொழிற்சாலையின் மேல்மாடியில், இலை வாட்டும் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பெரட்டுக் களம் முழுவதும் தெரியும். கேமராவை ஜன்னல் கட்டையில் வைத்து, அடியில் சாக்கை மடித்துக் கொடுத்து, ஒன்பது நாள் காலையில் எடுத்தேன். ஒவ்வொரு நாளும் முதலில் அன்றைய தமிழ்ப் பத்திரிகையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துத் தேதி தெரியும்படி பத்து எண்ணுவேன். பிறகு களம். லோரி வருவது, நிற்பது, கல் வைப்பது, பெண்கள் ஏறுவது, கல்லை எடுப்பது. இடையில் நிறுத்துவதில்லை, கிட்டே இழுப்பதில்லை. இரண்டு நாள் பனி உள்ளே வந்து சிவப்பு விளக்கு எரிந்து கேமரா நின்றுவிட்டது. ஒரு நாள் பேட்டரி பாதியில் போய்விட்டது. ஆறு நாள் முழுதாக இருக்கிறது.

அந்த ஆறில் ஒன்று ஏழாம் நாள் எடுத்தது. அதைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும். புது டிரைவர் கல் வைக்க மறந்துவிட்டான். பெண்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது லோரி நகர ஆரம்பித்தது. மாடியிலிருந்து எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அக்கா, நான் கத்தவில்லை. படம் ஆடக் கூடாது, சத்தம் விழக் கூடாது என்று அப்படியே நின்றேன். வாய் திறந்திருந்தது. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் நீளத்துக்கு லோரி உருண்டது. கீழே யாரோ கூச்சல் போட்டு, இரண்டு பேர் கல்லை உதைத்துத் தள்ளி நிறுத்தினார்கள். ஒருவருக்கும் அடி இல்லை.

வக்கீல் அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அடிபட்டிருந்தால் அதையும் ஆடாமல் எடுத்திருப்பேன்.

பதில் எழுதுங்கள்.

சிவசாமி

*

பிராட்ஃபோர்ட்
19-10-1986

தம்பிக்கு,

நாங்கள் உடம்பால் நன்றாக இருக்கிறோம். உன் மூன்று கடிதங்களும் அந்தந்த வாரமே கிடைத்தன. தபாலில் எதுவும் சிக்கவில்லை.

கேசட் இல்லை. மார்ச் மாதக் கடைசியில், வேலைக்குப் போகும் அவசரத்தில், நான் விடாமல் பார்க்கும் ஒரு டிவி தொடரைப் பதிய வெற்றுக் கேசட் கிடைக்கவில்லை. உன்னுடையதைப் போட்டேன். அடுத்த வாரமும் அதையே போட்டேன். கேசட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கிறது. அதை உடைத்துவிட்டால் அதன்மேல் எதுவும் பதிய முடியாது. எனக்கு அது தெரியும். உடைக்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கிறோம் என்று எழுதியதும் உண்மை இல்லை. ஒரே ஒரு முறை பார்த்தேன். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். உன்னிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அம்மா பத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னதை நீ எழுதிய பிறகு இன்னும் கூச்சமாகிவிட்டது.

ஆகஸ்டில் உன் கடிதம் வந்ததும் கேசட்டைப் போட்டு மூன்று மணி நேரமும் பார்த்தேன். நாடாவை முழுதும் பின்னால் ஓட்டாமல் பதிந்திருக்கிறேன், அதனால் ஆரம்பத்தில் பதின்மூன்று நிமிடம் உன்னுடையது மிச்சம் இருக்கிறது. பொங்கல் பானையும், கோயில் கூரையும், அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும்தான். பெரட்டு இல்லை. லோரி இல்லை.

அதற்குப் பிறகு நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். சுங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்று ஒன்றில் எழுதினேன். தூக்கிப் போடச் சொல்லி ஏப்ரலில் நீயே எழுதியிருந்தாய், அதனால்தான் என்று ஒன்றில் எழுதினேன். உன் ஏப்ரல் கடிதம் வருவதற்கு முன்பே அழித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

நீ ஜன்னலில் நின்றதைப் படித்த அன்று ஒரு வக்கீலிடம் போனேன். நான் அந்தப் படத்தில் கண்டதையும், அதை நானே அழித்ததையும் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதச் சொன்னார்கள். பச்சை லோரி, டிரைவர் சீட்டில் ஆள் இல்லை, தானே பின்னால் நகர்ந்தது, ஒரு பெண் கல் வைத்தாள். நம்பர் எனக்கு நினைவில்லை. முகம் நான் பார்க்கவில்லை. இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் வக்கீலிடம் கொடு. தங்கையா மாப்பிள்ளையிடமும் சாரதாவிடமும் காட்டு.

பத்து எண்ணச் சொன்னது நான். லோரி நகரும்போதும் எண்ணச் சொல்லவில்லை. ஆனால் நான் உனக்குப் பதில் போட்டிருந்தால் நீ அந்த ஜன்னலுக்குப் போயிருக்க மாட்டாய்.

செல்லம்மாவிடம் மட்டும், வீடியோ மெஷின் நாடாவை மென்றுவிட்டது என்று சொல். அவளுக்கு இது தெரிய வேண்டாம்.

அம்சவல்லி

*

கோலா தெர்லா
8-2-1987

அன்புள்ள பெரியக்காவுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்கிறோம். மேலே முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

கேஸ் போன மாதக் கடைசியில் முடிந்தது. தங்கையா மச்சான் மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்பு.

விஜயன் தன் கடையிலிருந்து டிவியையும் வீடியோ மெஷினையும் வேனில் வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். தோட்டத்து வக்கீல், விழுந்தது பச்சை லோரி, படத்தில் ஓடுவது நீல லோரி, இது எப்படிச் சாட்சியாகும் என்றார். மாஜிஸ்திரேட் உங்கள் சத்தியப் பிரமாணத்தைப் படிக்கச் சொன்னார். பிறகு என் படத்தைப் போடச் சொன்னார். ஆறு நாளையும் முழுதாகப் பார்த்தார். ஏழாம் நாள் படத்தை மட்டும் மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். அது முடிந்ததும் கிராணியைக் கூப்பிட்டு, கல்லை எதற்கு வைக்கிறீர்கள் என்று ஒரே கேள்வி கேட்டார். கிராணி, "பழக்கங்க," என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டார். "ரெண்டு வருசமா." அதோடு கேஸ் உடைந்துவிட்டது.

மச்சான் வெளியே வந்து கோர்ட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். "எந்திரிங்க, போலாம்," என்றது சாரதா அக்கா. "போலாம், போலாம்," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இப்போது கியா பார்மில் ஒரு காய்கறிக்காரரிடம் லோரி ஓட்டுகிறார். தினமும் புறப்படும் முன் பிரேக்கைத் தானே படுத்துப் பார்க்கிறாராம். தோட்டத்து லோரிகள் எல்லாவற்றுக்கும் புதுப் பிரேக் போட்டுவிட்டார்கள்.

துரை என்னைக் கூப்பிட்டு, "நீ படம் புடிக்க வந்தியா, வேல செய்ய வந்தியா?" என்று கேட்டார். தொழிற்சாலையிலிருந்து மருந்து அடிக்கும் வேலைக்கு மாற்றினார். ஒரு மாதம் அடித்தேன். பிறகு நின்றுவிட்டேன். வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். கோலா தெர்லாவில் ஒரு லோரிப் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை. அம்மாவுக்குச் சுற்றிலும் பேச ஆள் இல்லை என்பது ஒன்றுதான் குறை. தோட்டத்துப் பெண்கள் யாராவது சந்தைக்கு வந்தால் பிடித்து உட்கார வைத்துக்கொள்கிறது.

செல்லம்மாவிடம் மெஷின் மென்றுவிட்டது என்று சொல்லத்தான் போனேன். சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். நீங்கள் கோபித்தாலும் சரி. அவள் துவைத்துக்கொண்டிருந்த துணியைத் துவைத்து முடித்தாள். பிறகு உங்கள் முகவரியைக் கேட்டாள். கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. இருந்தது என்பதை மறைக்கவில்லை. மிச்சம் இருக்கும் பதின்மூன்று நிமிடத்துக்கு அந்தப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள்.

தம்பி சிவசாமி

*

லெம்பா சிஜுக் தோட்டம்
22-2-1987

அம்சவல்லி அக்காவுக்கு,

லயத்துக் கடைசி வீட்டுச் செல்லம்மா எழுதுகிறேன். நீங்கள் இங்கிலாந்து போகும்போது நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. என்னை உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியவில்லை. நான் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

சிவசாமி அண்ணன் எல்லாம் சொன்னது. நான் கோபப்பட்டேன். இரண்டு மூன்று நாள் இருந்தது. அப்புறம் யோசித்தேன். அம்மா உயிரோடு இருந்தபோது அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. யாரும் கேட்காத படம்தானே அது.

நான் எழுதுவது வேறு விஷயத்துக்கு. அந்தப் படத்தைப் பார்த்தது உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். எடுத்த அண்ணன்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்ததைக் கொஞ்சமும் விடாமல் எனக்கு எழுத வேண்டும். கோர்ட்டுக்கு எழுதினது போல இல்லை. அம்மா என்ன சட்டை போட்டிருந்தது, நடை எப்படி இருந்தது, எல்லாம். கேசட்டில் பேச்சும் விழும் என்று அண்ணன் சொன்னது. அம்மா ஏதாவது பேசியதா?

நல்லதாக இருக்க வேண்டும் என்று கூட்டி எழுத வேண்டாம். இருந்தது மட்டும் போதும்.

செல்லம்மா

*

பிராட்ஃபோர்ட்
15-3-1987

அன்புள்ள செல்லம்மாவுக்கு,

உன்னை நினைவிருக்கிறது. பல் விழுந்த வாயோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று கரும்பு கேட்பாய். நீ சுகமாக இருப்பதாக எழுதியதற்கு நிம்மதி.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே எழுதினால் எதையாவது சேர்த்துவிடுவேனோ என்று பயந்து இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவின் முகம் படத்தில் இருந்தது. நான் பார்க்கவில்லை. மறுபடி ஒருமுறை போட்டிருந்தால் பார்த்திருப்பேன். முதுகு தெரிந்தது. கொழுந்துக் கூடையை இன்னும் மாட்டவில்லை. ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, மேலே ஒரு சுவெட்டர், தலையில் துண்டு. சட்டை நீலமா சாம்பலா என்பது நிச்சயமில்லை. லோரி நகர்ந்ததும் அவர் ஓடவில்லை. நடந்துதான் போனார். கல் எங்கே கிடக்கிறது என்று பார்க்கவே இல்லை. கை நேராக அதில் போய் விழுந்தது. தினமும் அதே கல்லாக இருக்க வேண்டும். வைத்துவிட்டு, காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

பேசினார். இதைப் பிரமாணத்தில் நான் எழுதவில்லை. நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதச் சொன்னார்கள். இது எனக்கு முக்கால் பங்குதான் நிச்சயம். சிவசாமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு லோரியை ஒட்டியே நின்றிருக்கிறான் போலிருக்கிறது. அவனைப் பார்த்து ஒரு பெண் குரல், "சிவா, தள்ளி நில்லுலா. நீ அத பாக்குற, அது ஒன்ன பாக்காது," என்றது. கொஞ்சம் கரகரத்த குரல். சொல்லிவிட்டுச் சிரித்தது. அவன் தள்ளி நின்றிருக்க வேண்டும். அதனால்தான் படம் ஆடி வானத்துக்குப் போய்விட்டது.

அது உன் அம்மாவின் குரலா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அம்சவல்லி